போக விட்ட மாட்டு வண்டி

இருபத்தாறு வயதில் தொழிலை விட்டு ஓய்வு பெறுகிறவள் இந்தக் கடத்தூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரும் திங்கட்கிழமை சேலத்தில் ஆசிரியைப் பயிற்சியில் சேருகிறேன். இத்தனை வருஷம் நான் ஓட்டியும் பழுது பார்த்தும் வந்த எங்கள் வாடகைக் கார் இனி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவர் கையில்.

நேற்று நீங்கள் கார்ப்புரேட்டரைக் கழற்றி மாட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வேலை நன்றாகவே இருக்கிறது. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அப்பா சொல்லித் தருவார். அவர் சொல்ல மாட்டாத ஒன்றை மட்டும் நான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். அது என் தப்பு. மகளின் தப்பை வேலையாட்கள் முன்னால் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவள். இதை நான் அடக்கமாகச் சொல்வதாக இல்லை. காரின் பழைய உரிமையாளர் அதை அப்பாவுக்கு விற்றபோது கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்தார். காரை எப்படிப் பேண வேண்டும் என்று சொல்லும் புத்தகம். அப்பா அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தது நான்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுவதும் படித்தேன். அதற்குப் பிறகு என் நடை கொஞ்சம் மாறிவிட்டது என்று அம்மா சொல்வாள்.

யுத்த காலத்தில் ஒரு நாள் காரைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றும் ஹாண்டில் திருப்பி அடித்து அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டுப் போட்டவர் மூங்கில் பட்டை வைத்து இறுக்கிவிட்டு, மூன்று மாதம் இந்தக் கையை மறந்துவிடுங்கள் என்றார். கார் ஓட்ட அப்பா எனக்கு முன்பே பழக்கியிருந்தார், லைசென்ஸும் வாங்கியிருந்தேன். ஆகவே வண்டி என் கைக்கு வந்தது. சந்தையில் ஒருவர் என் காதில் விழும்படியே கேட்டார்: "பொட்டப்புள்ள ஓட்டுற கார்ல ஏறுனா பொம்மிடி போவுமா, எமலோகம் போவுமா?" அதே காரணத்துக்காகவே எங்களைத் தேடி வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்தான் மாதம்மாவின் மாமியார்.

கடத்தூரைத் தாண்டி மூன்று மைலில் அவர்கள் ஊர். கிழவி வந்து நேராக என்னிடமே பேசினாள்.

"பொண்ணு ஓட்டுதுன்னாங்க, அதான் வந்தேன். எம் மருமவள ஆம்பளையாளுங்க கூடத் தனியா அனுப்ப எனக்கு மனசு இல்லீங்க. என்னால அம்மாந்தூரம் வர முடியாது."

மாதம்மாவின் கணவர் பட்டாளத்தில் இருந்தார். அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தைக்கு எட்டு மாதம். அவர் அதைப் பார்த்ததில்லை. அவருடைய படையைப் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேற்றக் கொண்டுபோகிறார்கள், லீவு கிடையாது, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரயில் பொம்மிடியில் ஐந்து நிமிஷம் நிற்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா என்று லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பியிருந்தார். எந்தத் தேசத்துக்குப் போகிறார், எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

"அஞ்சு நிமிசம் போதுமுங்க. புள்ளையக் கையில வாங்கி ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா போதும்" என்றாள் கிழவி.

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த அன்று மாலையே பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்தது.

நம் காரின் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் அடி மூட்டில், விரல் நீளத்துக்கு, பற்று விட்டுப்போய் ஈரம் கசிந்தது. ஈயப்பற்று வைக்கிறவரிடம் போனேன். யுத்தத்தில் ஈயம் கிடைப்பதில்லை, ஒரு மாதம் பொறு என்றார். எனக்கு இருந்தது இரண்டு நாள்.

வீட்டில் ஓட்டைக் குடத்தை நாம் எப்படி அடைக்கிறோம்? மலையிலிருந்து கொண்டுவரும் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி அப்புவோம். காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்ப்போம். மெழுகில் தண்ணீர் ஒட்டாது, இறங்காது என்பதைப் பள்ளிக்கூடத்திலும் படித்திருந்தேன். பாடமும் வழக்கமும் ஒத்துப்போனதும் எனக்குச் சந்தேகமே எழவில்லை. பெட்ரோலைத் தகர டின்னில் இறக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் மெழுகைக் காய்ச்சிக் கொண்டுவந்து மூட்டின் மேல் அப்பினேன். டாங்கி நிறையத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலிருந்து மத்தியானம் வரை கீழே விரித்திருந்த காகிதத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

அப்பா கட்டுப் போட்ட கையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"பாப்பா, பெட்ரோல ஊத்திப் பாத்தியா?"

"பெட்ரோல ஊத்திப் பாத்து, ஒழுகிப் போச்சுன்னா மறுபடி ரேஷன் கூப்பனுக்கு எங்க போறது? தண்ணியே நிக்குதேப்பா."

"தண்ணி வேற, அது வேற இல்லியா?"

"நான் படிச்சிருக்கேன்ப்பா."

அவர் நிமிர்ந்து உள்ளே போனார். வாதத்தை முடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு. தண்ணீரைக் குழாய் வழியே வடித்துவிட்டு, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வெயிலில் காய விட்டேன். பிறகு பெட்ரோலை ஊற்றினேன்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மாதம்மாவை அவள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். குழந்தைக்கு வெள்ளைச் சட்டை, நெற்றியிலும் கன்னத்திலும் மைப் பொட்டு. பித்தளைத் தூக்கில் எள்ளுருண்டை. ஊரே வந்து நின்று வழியனுப்பியது.

"கெட்டியாப் புடிச்சுக்க மாதம்மா, பறந்துரப் போற!" என்று ஒருத்தி கத்தினாள்.

பதினோரு மைல் போனால் பொம்மிடி. எட்டரைக்குள் ஏழு மைல் கடந்துவிட்டோம். ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருமியது, நின்றது.

இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் முன் தங்கிப் போகிற அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கிடந்தது. டாங்கியின் மடிப்புகளில் தங்கிவிட்ட தண்ணீர், மேடு ஏறும்போது சரிந்து குழாய்க்கு வந்திருக்கிறது. எவ்வளவு தங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"என்னாச்சுங்கக்கா?" என்றாள் மாதம்மா.

"ஒண்ணுமில்ல. தூசி. இதோ ஆச்சு."

அது தூசி இல்லை. என் கையால் ஊற்றிய தண்ணீர்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது என்ன என்று உங்களைக் கேட்டால் உடனே சொல்வீர்கள். டாங்கியில் இருப்பது முழுவதையும் இறக்க வேண்டும். தகரத்தில் தெளிய விட்டு, மேலே நிற்கும் பெட்ரோலைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்ற வேண்டும். ஐம்பது நிமிஷ வேலை. அதை அங்கேயே செய்திருந்தால் ஒன்பதே முக்காலுக்குள் பொம்மிடியில் நிதானமாக உட்கார்ந்திருப்போம். ஆனால் நடுரோட்டில் டாங்கியை இறக்கினால் ஏன் என்று அவள் கேட்பாள். தூசிக்கு யாரும் டாங்கியை இறக்குவதில்லை. அதனால் கிண்ணத்தை மட்டும் துடைத்து மாட்டினேன். ஹாண்டிலைச் சுற்றினேன். கிளம்பியது. "பாத்தீங்களா?" என்று வேறு சொன்னேன்.

இரண்டு பர்லாங் போயிருப்போம். மறுபடி நின்றது.

மறுபடி கிண்ணம், மறுபடி தண்ணீர். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. பொம்மிடி ரயிலுக்குப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஓட்டி வந்த பெரியவர் நிறுத்தினார்.

"என்னாம்மணி, கார் பசியில படுத்துக்கிச்சா? ரெண்டு பிடி வைக்கோல் போடட்டுமா?"

"நீங்க போங்க தாத்தா, இதோ கெளம்பிரும்."

"எம் மாடு கூப்பன் கேக்காது, பாத்துக்க. மூட்ட மேல எடம் இருக்குது. கொழந்தையோட ஒருத்தர் தாராளமா ஒக்காரலாம். பத்து மணிக்குள்ள டேசன்ல வுட்டுருவேன்."

கையில் அப்பாவின் கடிகாரம் இருந்தது. எட்டே முக்கால். நாலு மைல் கூட இல்லை. அவர் சொன்னது சரியான கணக்கு. நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்:

"உங்க மாடு போய்ச் சேர்றதுக்குள்ள நாங்க போயிட்டுத் திரும்பியே வந்துருவோம்."

பெரியவர் சிரித்தார். "செய்யி தாயி, செய்யி. வழியில எதிர்ல வந்தா ஒதுங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். வண்டி திருப்பத்தில் மறையும் வரை மாதம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை முறை நின்றது என்று நான் எண்ணவில்லை. நின்றது, துடைத்தேன், கிளம்பியது, நின்றது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரம் ஓடியதுதான் பெரிய கெடுதல். ஒரேயடியாக நின்றிருந்தால் நானும் ஒரேயடியாக முடிவு செய்திருப்பேன். அது ஓடிக் காட்டிக் காட்டி என்னை ஏமாற்றியது. நான் "இதோ ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி அவளை ஏமாற்றினேன். ஒன்பதே முக்காலாகும்போது ஒரு மைல்தான் கடந்திருந்தோம்.

மாதம்மா குழந்தையோடு இறங்கி வந்து என் எதிரில் நின்றாள்.

"அக்கா, நெசத்தச் சொல்லுங்க. இது போவுமா, போவாதா?"

அப்போதுதான் முதல் முறையாக நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். "தெரியல மாதம்மா. முழுக்க எறக்கி ஊத்தணும். முக்கா மணிக்கு மேல ஆவும்."

அவள் அழவில்லை. புடவையை வரிந்து கட்டினாள். குழந்தையை இடுப்பில் ஏற்றி முந்தானையால் சுற்றி இறுக்கினாள்.

"கரும்புக் காட்டுக்குள்ள பூந்தா தண்டவாளம் வந்துரும். தண்டவாளத்தோரமாவே போயிருவேன். கல்யாணத்துக்கு முந்தி அந்த வழியாத்தான் பொம்மிடிக்கு வெறகு தூக்கிட்டுப் போவோம்" என்றாள். போய்விட்டாள். எள்ளுருண்டைத் தூக்கு சீட்டிலேயே இருந்தது. நான் அதைப் பார்க்கும்போது அவள் கரும்புக்குள் மறைந்திருந்தாள்.

கேட்க ஆள் இல்லாமல் போனதும்தான் எனக்குச் சரியான வேலை செய்யக் கை வந்தது. டாங்கியை இறக்கினேன். மூட்டில் அப்பியிருந்த மெழுகு குழைந்து, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தது. தண்ணீருக்கு அசையாத மெழுகைப் பெட்ரோல் ஒரே நாளில் கரைத்துவிட்டிருந்தது. அப்பா கேட்ட கேள்வி அதுதான். அந்த இங்கிலீஷ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வழியில் அவசரத்துக்குச் சோப்பைப் பிசைந்து அடைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. துணி துவைக்கிற சோப்பா என்று அப்போது அலட்சியமாகத் தாண்டிப் போயிருந்தேன். கை கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்துப் பிசைந்து மூட்டில் அழுத்தினேன். பெட்ரோலைத் தெளிய விட்டு வடிகட்டி ஊற்றினேன், கசிவு நின்றிருந்தது. கார் கிளம்பியது, பிறகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பொம்மிடிக்குள் நுழைந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. ஸ்டேஷன் வாசலில் அந்தப் புளி வண்டியின் மாடுகள் அவிழ்த்து விடப்பட்டு வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. பெரியவர் என்னைப் பார்த்தார். அவர் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்குச் சிரிப்பை விட உறைத்தது.

தூக்கை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினேன். அது காலியாக இருந்தது. கடைசி மரத்தடியில் மாதம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜல்லிக் கல் குத்திப் பாதமெல்லாம் ரத்தம். குழந்தை அவள் மடியில் கிடந்து கையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேனுங்க. நான் வரும்போது ஊதிட்டாங்க. நகர ஆரம்பிச்சிருச்சு. அவங்க கதவுகிட்டயே நின்னுட்டிருந்தாங்க, என்னையக் கண்டுட்டாங்க. கூடவே ஓடுனேன். புள்ளையத் தூக்கிக் காட்டுனேன். கையில வாங்கணும்னுதான் குனிஞ்சாங்க, எட்டல." அவள் குழந்தையின் வலது காலைப் பிடித்துக் காட்டினாள். "இந்தக் காலு மட்டுந்தான் அவங்க கைக்கு ஆம்புட்டுச்சு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏதோ சொன்னாங்க. சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. 'எம் மூக்கு'ன்னது மட்டும் கேட்டுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது.

"மாதம்மா, அது தூசி இல்ல. நான் ஊத்துன தண்ணி. மொத தடவ நின்னப்பவே எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் வண்டியில உங்கள ஏத்தி வுட்டிருக்கணும். ஏத்தி வுட்டிருந்தா புள்ளையக் கையில வாங்கியிருப்பாரு."

அவள் பாதத்தில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டாள்.

"எறங்கி வண்டியில ஏறிக்கிறேன்னு நானே சொல்லியிருக்கலாமுங்க. எனக்கும் கார்லயே போயி எறங்கணும்னு ஆச. அவங்க பாக்கணும்னு."

பெரிய மனசோடு பாதித் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, நீங்களும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது, தூசி, இதோ ஆச்சு என்பது மட்டும். அதை வைத்து அவள் எதை முடிவு செய்ய முடியும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அவளே நொடியில் முடிவு செய்திருப்பாள். கரும்புக் காட்டுக்குள் இறங்கியவளுக்கு மூட்டை மேல் ஏறத் தெரியாதா?

ஆகவே தண்ணீர் ஊற்றி டாங்கியைச் சோதிக்காதீர்கள் என்பதை நான் பெரிய பாடமாகச் சொல்லவில்லை. அது ஒரு தடவை பட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். தப்பான பற்று வைப்பீர்கள், தப்பான திருகை முறுக்குவீர்கள், நானும் இன்னும் நிறையச் செய்தேன். வண்டி நின்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன். பின் சீட்டிலிருந்து ஒருவர் ஆகுமா என்று கேட்டால், அவர் உங்கள் திறமையைப் பற்றிக் கேட்கவில்லை. தன் காரியத்தைப் பற்றிக் கேட்கிறார். தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். முக்கால் மணி வேலை என்றால் முக்கால் மணி என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கையை வையுங்கள். வழியில் வேறு வண்டி வந்தால், அது கழுதை வண்டியாக இருந்தாலும், நீங்களே கை காட்டி நிறுத்துங்கள்.

அவர் திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். யுத்தம் முடிந்து பொம்மிடியில் இறங்கியவரை இதே காரில் வீடு வரை கொண்டுபோய் விட்டவள் நான். அதனால் என் தப்பு சின்னதாகிவிடவில்லை. அந்த வியாழக்கிழமை அவர் திரும்பி வருவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்று திரும்பும்போது மாதம்மா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எள்ளுருண்டையில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். கை கழுவவில்லை என்றேன், வாயைத் திறங்க என்று ஊட்டிவிட்டாள். குழந்தை தூங்கிப்போயிருந்தது. அதன் காலில் தூசி அப்பியிருக்கிறதே, வழியில் கிணற்றைப் பார்த்து நிறுத்தட்டுமா, கழுவிவிடலாம் என்றேன்.

"வேணாமுங்க. இன்னிக்குக் கழுவல" என்றாள்.

கடத்தூர் வரும் வரை குழந்தையின் இடது கால் வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வலது காலை அவள் முந்தானைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள்.